வெள்ளிக்கிழமை கழுவிய பிளேட்

...கருவியில் இன்னும் பாதித் தாள்கூட ஓடவில்லை, படம் வரைகிற பேனா அடியிலேயே கிடக்கிறது, ஏறு ஏறு என்று மனசுக்குள் கெஞ்சுகிறேன், என் பேச்சை அது ஏன் கேட்க வேண்டும்... ஏசி போய்விடும் என்று கதவைச் சாத்தியாயிற்று, வலப்பக்கம் எலியேசர் சார், இடப்பக்கம் அவரிடம் ஆராய்ச்சி செய்யும் நூர்னிசா, நடுவில் லேப் உதவியாளர் ஜெயக்கொடியாகிய நான், கருவிக்குள் அந்த மஞ்சள் பிளேட். துத்தநாக செலினைடு. எலுமிச்சை மிட்டாய் நிறம், சீமையிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இதன் ஒரு ஓரத்தில் நுழைந்தால் வெளியே தப்ப முடியாமல் மேலும் கீழும் பத்துத் தடவை முட்டிக்கொண்டுதான் மறு ஓரத்துக்குப் போகும், ஒவ்வொரு முட்டலிலும் மேலே தடவியிருக்கிற மருந்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் என்று சார் விளக்கியபோது, ஐயோ பாவம் என்று நினைத்தேன். இப்போது யார் பாவம்?

தண்ணீர் இதை ஒன்றும் செய்யாது என்று சொன்னதும் சார்தான், அதுதான் என்னைக் கெடுத்தது. பத்து வருடம் உப்பு வில்லைகளோடு மாரடித்தவள் நான், மூச்சுக்காற்று பட்டாலே மங்கிப்போகிற வில்லைகள், அப்படிப்பட்டவளிடம் போய்த் தண்ணீரில் கழுவலாம் என்றால்? போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நூர்னிசா சோதனையை முடித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதும் ஆசையாகக் குழாயில் காட்டினேன். போர்த் தண்ணீர், காய்ந்ததும் வெள்ளைத் திட்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தண்ணீருக்குக் குழாய், பீக்கர், பியூரெட் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தானே, இரண்டு சொட்டு ஆசிட்... பழகிய கை, போய்விட்டது. அழுகின முள்ளங்கி நாற்றம் குப்பென்று கிளம்பியது. துடைத்துப் பார்த்தால் பளபளப்பைக் காணோம், தண்ணீருக்கு அசையாததை ஆசிட் தின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து நூர்னிசா நோட்டை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தாள். "என்னக்கா இப்படி நாறுது?" "மத்தியானச் சாம்பாரு கவுந்திருச்சுட்டி, முள்ளங்கிச் சாம்பாரு." அந்தப் பொய் எங்கிருந்துதான் வந்ததோ. அவளும் சிரித்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை அவளுக்குப் படம் சரியாக விழவில்லை. "என் சாம்பிள்லதான் கோளாறு போலக்கா?" என்றாள், இருக்கும் என்றேன். வெட்கமாயில்லையா எனக்கு? ஆனால் இந்த மாதம் நிரந்தர உத்தரவு வருகிறது, ராஜபாளையத்திலிருந்து பத்து வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த வேலை, இப்போது வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு. திறக்காவிட்டால் சார் அவளைக் கருவிப் பக்கமே விடமாட்டார், அவள் ஆய்வேடு அந்தரத்தில் நிற்கும்...

பேனா ஏறாமலே ஓரத்தைத் தொட்டு நின்றது. சார் பதிவேட்டைப் புரட்டினார். "கடைசியா உன் கையெழுத்துதான இருக்கு. பிளேட்ட என்னம்மா செஞ்ச?"

நூர்னிசா என்னைப் பார்த்தாள். நோன்பில் காய்ந்த உதடு... நோன்பு. அவளுக்கு ரம்ஜான், எனக்கு அன்றைக்குத் தவக்கால வெள்ளி, ஒருசந்தி, ராத்திரிதான் சோறு. அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு நாங்கள் இருவர்தானே வெறும் வயிற்றோடு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்? "இன்னைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் தூக்குவாளி கழுவுற வேலை இல்லக்கா" என்று அவள்தானே சொன்னாள்? எந்தச் சாம்பார் கவிழ்ந்தது? ஆறு நாளாக இவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை கேட்டாளே, என் சாம்பிளிலா கோளாறு என்று, நான் சொல்வதற்கு இடம் விட்டல்லவா கேட்டிருக்கிறாள்...

சார் மறுபடி கேட்டார். அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கோபமாகக்கூட இல்லை.

"சார்" என்றேன். அவர் திரும்பினார். பதிவேட்டில் அவள் கையெழுத்துக்குக் கீழே காலியாயிருந்த கோட்டில் விரலை வைத்தேன்.