சம்பந்தமில்லாத ஒரே ஆள்

கதவு திறந்து முதலில் வெளியே வந்தவர் மருந்துக்கடை மாமா. கூட்டம் தொடங்கி இரண்டு தும்மல் போடும் நேரம்கூட ஆகியிருக்காது.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா மாமா?" என்று பெஞ்சிலிருந்து எழுந்தாள் தையல்காரி.

"எங்க ஆரம்பிச்சுது? நான் உனக்கு மாமாவாம். எழுந்து வெளிய போங்கன்னுட்டான்."

"யாரு?"

"வேற யாரு, கொக்குதான்."

கொக்கு என்பது ஏரிப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்திருந்த இளம் அதிகாரி. நீளமான கழுத்து, அசையாத பார்வை, எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும் பொறுமை. ஏரியில் நிற்கும் கொக்கைப் போலவே இவர் மீதும் யாரும் கைவைக்க முடியாது, வைத்தால் வழக்கு.

ஏரியையும் அதைச் சுற்றிய ஊரையும் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்த நாளிலிருந்து அங்கே புதிதாக எதையும் கட்டக் கூடாது, பழையதை இடிக்கக் கூடாது, சோப்பு நுரை ஒரு துளி ஏரியில் கலக்கக் கூடாது. இத்தனை கூடாதுகளுக்கும் ஈடாக ஒரு வளர்ச்சி நிதி வந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று அதிகாரிகள் சொல்ல மாட்டார்கள். ஊரே தேர்ந்தெடுத்த ஐந்து பேர் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அதிகாரி ஓரமாக இருந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

ஐந்து பேரும் மிகுந்த பாசத்தோடு முடிவு செய்துகொண்டிருந்தார்கள். மச்சானுக்குத் தேன் பெட்டி, மச்சானின் தம்பிக்குப் பறவை பார்க்கும் கோபுரம். அந்தக் கோபுரத்தில் இதுவரை எந்தப் பறவையும் தென்படவில்லை. தம்பியின் வேட்டிகள்தான் காய்ந்துகொண்டிருந்தன. நிதி வாங்கியவர்களின் புகைப்படங்களை ஒரு மேலதிகாரி வரிசையாக ஒட்டிப் பார்த்தபோது, எல்லோருக்கும் ஒரே மூக்கு இருப்பதைக் கவனித்துவிட்டார். அதிலிருந்து பிறந்தது புது விதி: விண்ணப்பித்தவருக்கு உறவாக இருப்பவர் அந்த விண்ணப்பம் முடியும்வரை அறையில் இருக்கக் கூடாது.

தையல்காரியின் விண்ணப்பம் ஒரு சலவை நிலையத்துக்கு. மூடிக் கிடக்கும் ஐஸ் ஃபேக்டரியில் நான்கு மெஷின்கள். துவைத்த தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, சரளையிலும் கோரையிலும் வடிகட்டி, மறுபடியும் பயன்படுத்துவது. சோப்புத் தடைக்குப் பிறகு ஊரின் அழுக்குத் துணியெல்லாம் பஸ் ஏறி டவுனுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் மூட்டை தூக்கச் சோம்பல்பட்டவர்கள் துவைப்பதையே மறந்துவிட்டார்கள். அளவெடுக்க நெருங்கும்போதெல்லாம் தையல்காரி மூச்சைப் பிடித்துக்கொள்வாள். கைக்கு ஒரு மூச்சு, கழுத்துக்கு ஒரு மூச்சு.

இன்று முடிவாகவில்லை என்றால் இந்த ஆண்டு நிதி திரும்பிப் போய்விடும். ஐஸ் ஃபேக்டரியை வேறொருவன் கேட்டுக்கொண்டிருந்தான். அது கைநழுவினால் புதுக் கட்டடம் எழுப்பவும் வழியில்லை. சலவை நிலையம் அத்தோடு சரி.

கதவு மறுபடி திறந்தது. அத்தை வந்தாள்.

"பெத்த அப்பனோட கூடப் பொறந்தவளாம் நான். இதையெல்லாம் இவன் சொல்லித்தான் எனக்குத் தெரியணும்!"

பின்னாலேயே தேனீக்காரன் வந்தான். தையல்காரியின் தங்கை புருஷன். "அண்ணி, மன்னிச்சுக்கோங்க. நான் யாருன்னே தெரியாத மாதிரி சுவத்தைப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். மூக்கை வச்சுக் கண்டுபிடிச்சிட்டான்."

"உனக்கு எங்க குடும்ப மூக்கே கிடையாதே!" என்றாள் அத்தை.

"தேன் பெட்டி வாங்கினப்ப பையனோட எடுத்த போட்டோ அவன்கிட்ட இருக்கு."

கதவில் முகம் தெரியும் அளவுக்கு ஒரு சதுரக் கண்ணாடி இருந்தது. நான்கு தலைகளும் அதை மொய்த்தன. உள்ளே இன்னும் இருவர். பள்ளித் தலைமையாசிரியை நிமிர்ந்து உட்கார்ந்து, தனக்கு எந்த உறவும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொக்கு தலையாட்டினார். தையல்காரிக்கு உயிர் வந்தது.

"அதெப்படி இல்லாமப் போகும்?" அத்தைக்கு மூக்கு வியர்த்துவிட்டது. கண்ணாடியைத் தட்டி, உள்ளே கேட்கும்படி கத்தினாள். "டீச்சர்! உங்க கொள்ளுத்தாத்தாவும் எங்க கொள்ளுத்தாத்தாவும் அண்ணன் தம்பி! மறந்துட்டீங்களா?"

தலைமையாசிரியை வெளியே வந்தார். அத்தையை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா இருங்க" என்றார்.

"உறவை மறைக்கலாமா?" என்றாள் அத்தை, இப்போது கொஞ்சம் சுருதி இறங்கி.

தையல்காரி அத்தையைத் திட்ட வாயெடுத்தவள், கண்ணாடிக்குள் மிச்சமிருந்த ஒருவனைப் பார்த்து அப்படியே நின்றாள்.

கடைக்காரர்கள் சார்பில் குழுவுக்கு வந்தவன். பேக்கரிக்காரன். நான்கு வருடம் முன்புவரை அவளுடைய புருஷன்.

சட்டப்படி இருவருக்கும் இப்போது ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சேர்ந்திருந்த ஐந்து வருடத்திலும் பெரிதாக ஒட்டியிருந்தார்கள் என்று சொல்ல முடியாது. அவள் மெஷினை நிறுத்திவிட்டுப் படுக்க வரும் நேரத்தில் அவன் மாவு பிசைய எழுந்து போவான். ஒரே கட்டில், இரண்டு ஷிஃப்ட். விழித்திருக்கும்போது சந்தித்த சில மணி நேரங்களைச் சண்டைக்கென்று ஒதுக்கியிருந்தார்கள்.

"செத்தோம்" என்றான் தேனீக்காரன்.

"அவன் மாவு பிசையற தொட்டியில நீ துணி ஊறவச்சியே, அதை மறந்திருப்பானா?" என்றார் மாமா.

"ஒரு தடவைதான் மாமா."

"ஊர் பூரா ஒரு வாரம் ரொட்டியில சோப்பு வாசனை."

அந்த நேரத்தில் பேக்கரிக்காரனே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். சட்டையில் மாவு அப்பியிருந்தது. பின்னால் கொக்கு.

"என்னால உள்ள உக்கார முடியாது" என்றான்.

நடைவழியில் யாருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. அவனும் போய்விட்டால் அறையில் ஆளே இல்லை. ஆளில்லாத அறை எதையும் அனுமதிக்காது.

"உள்ள போ" என்றாள் தையல்காரி.

"எதுக்கு? எனக்கும் உனக்கும் ஒண்ணுமே இல்லன்னு வாயால சொல்லணுமாம்."

"கோர்ட்ல சொன்னியே!"

"கோர்ட்ல நான் எங்க சொன்னேன்? வக்கீல் சொன்னாரு. நான் இருமினேன்."

"அந்த இருமலுக்கு மருந்து வாங்கிக் கொடுத்ததும் நான்தான்! வேணும்னே பண்றே. என் கடை வரக் கூடாது உனக்கு."

"உன் கடை வரணும்னுதான் என் ஓட்டைக் கையில வச்சுக்கிட்டு ஒரு மாசமா தூங்காம இருக்கேன். பொய் சொல்லச் சொன்னா எப்படி?"

"நீ என்னைக்குத் தூங்கினே?"

"நீ தூங்க விட்டாத்தானே? டக்கடக்கடக்கன்னு அந்த மெஷினு!"

கொக்கு கழுத்தை நீட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சம்பந்தமில்லாதவங்க இப்படிச் சண்டை போட மாட்டாங்களே."

"இந்த ஊர்ல எல்லாருமே இப்படித்தான் சார்" என்றார் தலைமையாசிரியை.

"ஆமா தம்பி, மாப்பிள்ளை எப்பவுமே கொஞ்சம்..." என்று ஆரம்பித்த மாமாவின் காலை அத்தை நறுக்கென்று மிதித்தாள். மாமா மீதி வாக்கியத்தை வலியில் முடித்தார்.

கொக்கு கெட்டவர் அல்ல. உண்மையில் அவருக்கும் அந்தச் சலவை நிலையம் பிடித்திருந்தது. "பாருங்க சார்" என்றார் பொறுமையாக. "பழைய கதை எனக்கு வேண்டாம். சட்டப்படி இன்னைக்கு நீங்க இவங்களுக்கு யாரும் இல்ல. நீங்க உள்ள உக்காரலாம். ஆனா ஒண்ணு இருக்கு. முடிவு எடுக்கற ஆள், திட்டம் நடக்கற மூணு வருஷமும் இவங்களுக்கு உறவாகக் கூடாது. பங்காளி ஆகக் கூடாது, சம்பந்தி ஆகக் கூடாது, கல்யாணமும் கூடாது. ஆயிட்டா மெஷினை எல்லாம் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவோம். சம்மதம்னா உள்ள வாங்க."

எல்லோரும் தையல்காரியைப் பார்த்தார்கள். மூன்று என்ன, முப்பது என்று போட்டுக்கொள்ளுங்கள் என்பாள், அவள் வாய் அப்படிப்பட்டது. தேனீக்காரன் சிரிப்பதற்குத் தயாராகவே இருந்தான்.

அவளோ கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"மூணு வருஷம்னா," என்றாள் கொக்கைப் பார்த்து, "முழுசா மூணா?"

"முழுசா மூணு மேடம்."

"கொஞ்சம் முன்னப்பின்ன..."

"கிடையாது மேடம்."

பேக்கரிக்காரனின் முகம், அடுப்புக்குள் போன ரொட்டி போல, மெதுவாக, ஓரங்களிலிருந்து உப்பத் தொடங்கியது. நான்கு வருடமாக அவன் யாரிடமும் கேட்கத் துணியாத கேள்விக்கு அரசு அதிகாரி ஒருவர் முன்னிலையில், நான்கு சாட்சிகளோடு பதில் கிடைத்துவிட்டது.

"சம்மதம்" என்றான். "நான் உள்ள போறேன். இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

"டேய்!" என்றாள் தையல்காரி.

"மரியாதையா பேசணும். நான் குழு உறுப்பினர்."

அவளை உள்ளே கூப்பிட்டபோது அவன் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் நான்கு காலி பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் ஏரிப் பறவைகளின் படம், வெயிலில் வெளுத்து, வாத்தும் நாரையும் ஒரே நிறத்துக்கு வந்திருந்தன. கொக்கு மூலையில் ஒற்றைக்காலில் சாய்ந்து நின்றார். கதவுக் கண்ணாடியில் நான்கு மூக்குகள் நசுங்கியிருந்தன. மூன்று ஒரே மாதிரி.

"உக்காருங்க" என்றான். அவளிடம் அவன் வாழ்நாளில் சொன்ன முதல் 'ங்க' அது. இருவருக்குமே கூச்சமாக இருந்தது.

"இந்தத் தொழில்ல உங்களுக்கு முன் அனுபவம் உண்டா?"

"உண்டுங்க. அஞ்சு வருஷம் ஒருத்தரோட சட்டையைத் துவைச்சிருக்கேன்."

"எப்படிப்பட்ட சட்டை?"

"மாவுச் சட்டை. வெந்நீர்ல போட்டா பசையாயிடும். பச்சத் தண்ணியில ஊறவைக்கணும்."

"எதுல ஊறவைப்பீங்க?"

கண்ணாடிக்கு வெளியே மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"கையில கிடைச்சதுல."

"அதாவது, மத்தவங்க தொழில் சாமான்ல."

"இனிமே அதுக்குன்னு தொட்டி இருக்கும்ங்க. அதுக்குத்தானே நிதி கேக்கறேன்."

அவன் அதை ஏற்றுக்கொண்டதாகத் தலையாட்டினான். நுரை ஏரிக்குப் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டான். அவள் எழுந்து, காலி நாற்காலிகளையே தொட்டிகளாக வைத்து, தண்ணீர் எதிலிருந்து எதற்குப் போகும், கோரையை எப்போது அறுத்து மாற்றுவாள் என்று காட்டினாள். கடைசி நாற்காலிக்கு வந்தபோது அவள் குரலில் இருந்த விறைப்பு போயிருந்தது. அவன் விளையாட்டை மறந்து கேட்டுக்கொண்டிருந்தான். அடைப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்றான். அவளிடம் அதற்கும் பதில் இருந்தது.

"வேலை நேரம்?"

"காலையில எட்டுலேர்ந்து சாயங்காலம் ஆறு."

"ராத்திரி?"

"ராத்திரி தூங்குவேன். தையல் மெஷினையும் ராத்திரி ஓட்டறதில்லன்னு விட்டுட்டேன். ரெண்டு வருஷமாச்சு."

அவன் மேஜையில் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தான்.

"எங்க பேக்கரியிலயும்," என்றான், "மாவு பிசைய இப்ப ரெண்டு ஆள் போட்டிருக்கோம். நான் விடிஞ்சப்புறம்தான் கீழ இறங்கறேன். சும்மா, தகவலுக்காகச் சொல்றேன்."

"அது இந்த விண்ணப்பத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம் சார்" என்றார் கொக்கு.

"ஆமாங்க" என்றான் பேக்கரிக்காரன். "சம்பந்தமே இல்ல."

பிறகு கையைத் தூக்கி, தன் ஒரு ஓட்டைத் தானே எண்ணி, ஏகமனதாக நிறைவேறியது என்று அறிவித்தான். வெளியே அத்தை விசிலடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

ஐஸ் ஃபேக்டரியில் மெஷின்கள் சுற்றத் தொடங்கிய வாரத்திலேயே ஊர் வேறு வாசனைக்கு மாறிவிட்டது. மூட்டைகள் பஸ் ஏறுவது நின்றது. பஸ்ஸில் மனிதர்களுக்கு இடம் கிடைத்தது. இந்தச் சுகத்தை இழக்க யாரும் தயாராக இல்லை. நான்கு வருடமாக, "எப்ப சேரப் போறீங்க?" என்று இருவரின் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்த அதே ஊர், இப்போது அவர்கள் சேர்ந்துவிடாமல் இருக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தது. தெருவில் இருவரும் எதிரெதிரே வந்தால் மாமா கடையிலிருந்து குதித்து நடுவில் நின்று இருமல் மருந்து பற்றிப் பேசுவார். தேனீக்காரன் அண்ணியைக் கடைவரை கொண்டுபோய் விட்டுத்தான் வேறு வேலை பார்ப்பான். அத்தை சலவை நிலையத்து வாசலிலேயே ஒரு நாற்காலி போட்டுவிட்டாள்.

பேக்கரிக்காரன் முதல்முதலாகத் துணி கொண்டுவந்த அன்று வரிசை நீளமாக இருந்தது. முறை வந்ததும் ஒரு மாவுச் சட்டையை மேஜையில் வைத்தான். தையல்காரி அடையாளச் சீட்டை எடுத்தாள்.

"பேர்?"

சொன்னான். அப்பா பெயரின் முதலெழுத்தோடு.

"எங்க இருக்கீங்க?"

"பேக்கரி மாடியிலங்க."

"எந்தப் பேக்கரி?"

"ஊர்ல ஒண்ணுதாங்க இருக்கு."

"அப்படியா? எனக்கு வெளி உலகம் அவ்வளவாத் தெரியாது." சீட்டைச் சட்டைக் கழுத்தில் குத்தினாள். "நாளைக்கு வாங்க."

"போதும், போதும்" என்றாள் அத்தை. "பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

அவன் நகர்ந்தான். வாசல்வரை போனான். அங்கே கொஞ்ச நேரம் நின்று தன்னையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டான். பிறகு திரும்பி வந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

"இன்னும் என்னடா?" என்றாள் அத்தை.

"போட்டிருக்கறதும் அழுக்குதான் அத்தை" என்றபடி அவன் மேல் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான்.

தையல்காரி தலையை நிமிர்த்தவில்லை. அவளுக்கு முன்னால் இருந்தவர் ஏற்கெனவே ஒருமுறை பெயரைச் சொல்லிவிட்டார். அவள் மறுபடியும் அவரிடம் பெயர் கேட்டுக்கொண்டிருந்தாள்.