விளக்குப் போடும் முன்

லேப்டாப் திரையில் சாமியாவின் கன்னத்தைப் பெரிதாக்கிய அன்வர் பாட்சா, லென்ஸில் தூசி என்றுதான் முதலில் நினைத்தான். துடைக்கத் துணிகூட எடுத்தான். பிறகுதான் அது கண்ணீர் என்று தெரிந்தது.

அந்தித் தொழுகைக்கான மஃரிபு பாங்கு முடிந்து வீட்டில் விளக்குப் போடும்வரை உள்ள கொஞ்ச நேரத்தில்தான் அவன் மனைவியைப் படமெடுப்பான். முகம் தெரியக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. பழைய கேமராவில் அவள் அடுப்படி வாசலில் நிற்கும் ஒரு கருத்த உருவம். முக்காட்டின் ஓரத்தில் மட்டும் மெல்லிய வெளிச்சம். அந்தப் படங்களால்தான் சென்னைக் கண்காட்சியில் இடம் கிடைத்தது. கல்யாண வேலைக்கென்று வாங்கிய புதுக் கேமராவோ இருட்டிலும் கண்ணைத் தேடிப் பிடித்து அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்டது. அந்தக் கட்டத்தைப் பார்த்தே அவன் எடுத்துத் தள்ளியிருந்தான்.

முந்தின ராத்திரி அவன் அனுப்பிய சின்ன நகலைப் பார்த்துவிட்டு, கண்காட்சி நடத்தும் ரகுநாத் காலையில் போனில் துள்ளினார். "இதுதாங்க படம்! முன்னாடி அனுப்புனதெல்லாம் வெறும் நிழலுங்க. இதை வாசல்லயே மாட்டிருவோம். பெரிய ஃபைலை இன்னைக்கே அனுப்பிருங்க."

ஜெகதாப்பட்டினத்திலிருந்து விசைப்படகில் மீன்பிடிக்கப் போன சாமியாவின் தம்பி மஜீது, இலங்கைச் சிறையில் இருந்தான். அவன் பிடிபட்டதிலிருந்து அவள் உம்மா இங்கேதான். "வந்துருவாம்மா, அங்கன மீனாத் தின்னு குண்டாகி வருவான் பாரு" என்று சிரித்துச் சிரித்தே உம்மாவைச் சாப்பிட வைப்பாள் சாமியா. அவள் அழுது அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

டீயோடு வந்தவள் திரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இருட்டாத்தானே இருந்துச்சு?"

"புதுக் கேமரா. அதுக்குத் தெரியுது."

"நீங்களும் எதுத்தாப்லதானே நின்னீங்க, மச்சான்?"

அவன் டீயை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"உம்மா கண்ணுல இது பட்டுச்சுன்னா, அப்பறம் நான் சிரிக்கிறத அது நம்பாது."

அவன் அவசரமாகப் படத்தின் வெளிச்சத்தைக் குறைத்தான். முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கருமைக்குள் அமிழ்ந்தது. "இப்பத் தெரியலல்ல?"

"ஒங்களுக்கு?"

டீயை வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். பாங்கு கேட்டது. அவன் கேமராவை எடுக்காமல் எழுந்து போனான். வாசலில் நின்ற அவள் முகம் அவனுக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. கையை நீட்டிக் கன்னத்தைத் தொட்டான்.

"சாமியா, இன்னும் வெளக்கப் போடலையா?" உள்ளேயிருந்து உம்மா.

"இந்தா போடுறேம்மா! ஒம் மருமகன் மறிச்சுக்கிட்டு நிக்கிறாக!"

சிரித்த குரல். அவன் விரல்கள் நனைந்திருந்தன. பின்னால், மேசையில் ரகுநாத்தின் அழைப்பு சத்தமில்லாமல் ஒளிர்ந்துகொண்டிருந்தது.