ஐஸ் பெட்டியில் வைத்த குப்பி

ஸ்னேகாவின் மூச்சில் அழுகிய பழ வாடை வந்தபோதுதான் ரஞ்சனாவுக்கு ஊசி மருந்தின் மேலேயே சந்தேகம் வந்தது.

அம்மாவும் அப்பாவும் கல்யாணத்துக்கு மெட்ராஸ் போயிருந்தார்கள். லேக் கார்டன்ஸ் வீட்டில் அக்காவும் தங்கையும் மட்டும். பன்னிரண்டு வயது ஸ்னேகாவுக்குச் சிறுவயதிலேயே வந்த சர்க்கரை வியாதி. இன்சுலின் இல்லாமல் உயிர் தரிக்காது; அது உள்ளே போகாவிட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறி மூச்சில் அந்தப் பழ வாடை வரும். ஊசி போடும் பொறுப்பை ஆராய்ச்சி மாணவியான பெரியவளிடம் அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைத்திருந்தாள். "நீ புரோட்டீனோடயே குடித்தனம் பண்றவ. உனக்கா தெரியாது?"

வேளை தவறாமல்தான் போட்டாள். ஆனாலும் நேற்றிலிருந்து ஸ்னேகா தண்ணீர் தண்ணீர் என்று தவித்தாள். காலையில் வாந்தி. இப்போது மூச்சு துருத்தி போல இரைத்தது.

"திதி, ஜோல் குடு. நாக்கு ஒட்டிக்கறது." அக்காவைத் திதி என்றும் தண்ணீரை ஜோல் என்றும் சொல்வது அக்கம்பக்கத்து வங்காளிப் பழக்கம்.

தண்ணீரைக் கொடுத்துவிட்டு ரஞ்சனா மருந்துக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டினாள். பால் போலக் கலங்க வேண்டிய மருந்து கலங்கவில்லை. தெளிந்த நீரில் வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. சில கண்ணாடியில் அப்பியிருந்தன.

முந்தாநாள் கரண்ட் போய்ப் போய் வந்தது. புழுக்கத்தில் மருந்து கெட்டுவிடுமே என்று குப்பியை ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் தள்ளியது அவள்தான். இன்சுலினும் ஒரு புரதம்; லேபில் புரதத்தை உறைகுளிரில்தானே வைக்கிறோம்! அங்கே உறைந்து கெடாமல் இருக்கப் பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்து வைப்பது அப்போது நினைவுக்கே வரவில்லை. உறைந்து கிடந்ததை இளகவிட்டு, அதையே ஊசியில் ஏற்றியிருக்கிறாள்.

உயிரணுவுக்குள் புரதம் உருக்குலைந்தால் சில மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். அதை மறுபடி மடித்துச் சீராக்க ஆள் அனுப்பும். ஈஸ்டில் அவள் படிப்பதே அந்த மரபணுக்களைத்தான். குப்பிக்குள் யார் வந்து சீராக்குவார்கள்?

"காகிமா, டாக்ஸி!" என்று கீழ் வீட்டு அம்மாளைக் கூவி அழைத்தபடி தங்கையை வாரித் தூக்கினாள்.

வண்டியில் ஸ்னேகாவின் தலை தோளில் துவண்டது.

"கண்ண மூடாதேடி. ஏதாவது பேசு."

"நீ வலிக்க வலிக்கக் குத்தற... அம்மா வரட்டும், சொல்றேன்."

"தாராளமா சொல்லு. நானே சொல்றேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, இன்சுலின் ஒழுங்காகப் போட்டீர்களா என்பதுதான். போட்டேன் என்று நாக்கு நுனிவரை வந்ததை ரஞ்சனா விழுங்கினாள். மருந்தை உறையவைத்துவிட்டேன், ரெண்டு நாளாக உள்ளே போனது மருந்தே இல்லை என்றாள். டாக்டர் அவளைத் திட்டக்கூட நிற்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்.

சொட்டுச் சொட்டாக உப்புநீரும் புது இன்சுலினும் இறங்கின. ரஞ்சனா அடிக்கொரு தரம் குனிந்து தங்கையின் மூச்சை முகர்ந்தாள். வாடை போகவில்லை. மறுபடி குனிந்தாள். போகவில்லை.

சாயங்காலம் ஸ்னேகா ஒரு கண்ணைத் திறந்தாள்.

"தள்ளிப் போ திதி. உன் வாய்தான் நாத்தம்."

ரஞ்சனா தள்ளிப் போகவில்லை. இன்னொரு தரம் முகர்ந்து பார்த்தாள்.