கிளியாந்தே முடிக்காத பாட்டு

"சத்தியமாச் சொல்றேன், கேட்டுக்கடா. செத்து இருநூறு வருஷம் ஆன ஒரு பொம்பள இந்தக் குழிக்கு வந்து, நம்மள்ல ரெண்டு பேரைக் கையப் புடிச்சு வெளிய கூட்டிட்டுப் போகப்போறா" என்றான் துடுப்புக்காரன் தெல்லிஸ்.

"வரும்போது ஒரு குடம் தண்ணியும் கொண்டாரச் சொல்லு, பெருசு" என்றான் மிக்கோன்.

போரில் தோற்ற ஏதென்ஸ்காரர்களைச் சிசிலிக்காரர்கள் கல் வெட்டிய குழியில் இறக்கி எழுபது நாளாகிவிட்டது. ஆளுக்கு இரண்டு கை வாற்கோதுமை, ஒரு சின்னக் கிண்ணம் தண்ணீர். அங்கே அடித்த வெயிலில் பல்லிகள் ஒன்றன் நிழலில் ஒன்று நிற்க வரிசை கட்டும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மிக்கோனின் தம்பி அல்கோன் காய்ச்சலில் மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. மிக்கோன் தன் கிண்ணத்தை அவன் உதட்டில் சாய்ப்பான். பாதி தாடியில் வழியும். இன்னும் இரண்டு நாள் தாங்கினால் அதிசயம்.

தெல்லிஸ் சொன்னது கிளியாந்தே என்ற கவியை. எந்த ஊரில் பிறந்தாள், யாருக்கு வாழ்க்கைப்பட்டாள், ஒருவருக்கும் தெரியாது. நான்கு ஊர்களில் அவள் கல்லறை இருக்கிறது. நான்கிலும் சேர்த்து ஒரு எலும்பு கிடையாது. ஆனால் அவள் பாட்டு என்றால் சிசிலியில் கழுதைகூடக் காதை நிமிர்த்தும். தெல்லிஸோ, கப்பல் ஒதுங்கிய ஏதோ ஒரு தீவில் காதில் விழுந்த அவள் பாட்டு ஒன்றைக் காலை முதல் மாலை வரை முனகுவான். "வாய மூடுய்யா, செத்துத் தொலையவாவது விடு" என்று மிக்கோன் எத்தனை தடவை கத்தியிருப்பானோ.

அன்று மதியம் மேலிருந்து காவலன் கூவினான். "கிளியாந்தே பாட்டு தெரிஞ்சவன் எவனாவது இருக்கானா? சோசிலஸ் ஐயா வீட்டு விருந்துக்கு ஆள் வேணுமாம்."

தெல்லிஸ் எழுந்தான். கால் வீங்கியிருந்ததால் மிக்கோன் தோளைப் பிடித்துக்கொண்டான். இருவரையும் கூடையில் தூக்கினார்கள்.

விருந்தில் மிர்ட்டில் செடியின் கிளை ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. கிளை யார் கையில் இருக்கிறதோ, முந்தையவர் விட்ட அடியிலிருந்து அவர் பாட வேண்டும். தெல்லிஸ் ஒன்பது சுற்று சளைக்காமல் பாடினான். சாய்ந்து கிடந்த சோசிலஸ் எழுந்து உட்கார்ந்தார்.

"முடியாத பாட்டு ஒண்ணு இருக்கே, அதை முடிப்பியா? முடிச்சா நீயும், நீ கை காட்டுற இன்னொருத்தனும் வீட்டுக்குப் போகலாம். தப்பாப் பாடினா, பாட்டோட ஓசை உதைச்சுக் காட்டிக் குடுத்துரும். மறுபடி குழிதான்."

அவரே தொடங்கினார்:

"நீ போன வழியில் புல் முளைத்தாயிற்று,
நான் இன்னும் கதவின் தாழ்ப்பாளை—"

ஏடு அங்கே அறுந்திருந்தது. இருநூறு வருடமாக அந்த இடம் வந்ததும் கிளையைக் கீழே வைத்து, செத்தவளுக்காகத் தரையில் கொஞ்சம் மது ஊற்றுவார்கள். அதுதான் வழக்கம்.

தெல்லிஸ் தொண்டையை நனைக்கக் கை நீட்டினான். எழுபது நாள் காய்ந்தவனுக்கு எந்தச் சாடி என்று பார்க்கப் பொறுமை ஏது? தண்ணீர் கலக்காத மதுவை மடமடவென்று இறக்கிவிட்டான். எந்தக் கிரேக்கனும் செய்யத் துணியாத காரியம். வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. கிளை நழுவி மிக்கோன் மடியில் விழுந்தது.

"கிளை உன்கிட்ட இருக்கு. பாடு" என்றார் சோசிலஸ்.

"ஐயா, நான் மண்பானை செய்றவன். எனக்குப் பாட்டெல்லாம்..."

"பாடு, இல்ல ரெண்டு பேரும் எறங்குங்க."

மிக்கோனுக்குத் தம்பியின் உதடு கண்முன் வந்தது. வேண்டாம் வேண்டாம் என்று எழுபது நாள் காதைப் பொத்திக்கொண்டும் உள்ளே புகுந்துவிட்ட முனகல், உடைந்த குரலில் வெளியே வந்தது:

"—போடவில்லை, காற்று வந்து தட்டினாலும்
கால் கழுவத் தண்ணீர் எடுத்து வைக்கிறேன்."

மூலையில் குழல் ஊதிக்கொண்டிருந்த அடிமைப் பெண் மெனிப்பே குழலை இறக்கிவிட்டு அடுத்த அடியைத் தானே பாடினாள். பாடும்போதே அழுதாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சோசிலஸ்.

"எங்க தீவுல மாவு அரைக்கறப்ப பாடுவாங்கய்யா. எங்கம்மா பாடுவா. யாரு கட்டின பாட்டுன்னு எங்களுக்குத் தெரியாது. வித்தவங்க என்னைக் கொண்டாந்தப்புறம் இந்த மிச்ச அடிய இன்னிக்குத்தான் கேக்கறேன். யாரும் என்னைப் பாடச் சொன்னதில்லை."

சோசிலஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிக்கோனைப் பார்த்தார். "பாடினது நீ. கூட யாரு?"

மிக்கோன் தெல்லிஸைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, "என் தம்பி" என்றான்.

சூரியன் விழுவதற்குள் அல்கோனைக் கூடையில் மேலே ஏற்றினார்கள். மூச்சு இருந்தது. காலியான கூடையில் தெல்லிஸ் ஏறி உட்கார்ந்தான்.

"பெருசு, நான்..."

"மூஞ்சிய அப்படி வெச்சுக்காதடா, குடிச்சது எறங்கிரும். நானா இருந்தாலும் என் தம்பியைத்தான் சொல்லியிருப்பேன்." குரல் கரகரத்தது. "ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுப் போ. ரெண்டு பேரு வெளிய வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"கூட்டிட்டு வந்தது யாரு?"

கயிறு இறங்கத் தொடங்கியது. மிக்கோன் விளிம்பில் மண்டியிட்டுக் குனிந்தான்.

"அவதான் பெருசு. அவதான் வந்தா. ஒத்துக்கறேன்."