துண்டுக்கடியில் இரண்டு நாற்காலி

நான் மிளகுத் தரகர் வீட்டில் பிறந்தவள். கூலியில்லாத வேலைக்கும் கூலி பேசாமல் இறங்க மாட்டேன்.

எழுபத்தெட்டு மாசி மாதம், நாடக மன்றத்தின் செயலாளர் வெங்கிடராமன் எங்கள் சுள்ளிக்கல் வீட்டு வாசலில் வந்து நின்றார். கொச்சி மட்டாஞ்சேரியில் மூன்று நாள் திறந்தவெளி நாடக விழா, தொண்டர்கள் வேண்டும், தம்பதியாக வந்தால் ரொம்ப விசேஷம். என் வீட்டுக்காரர் நல்லசிவம் என்ன வேலை, எவ்வளவு நேரம் என்றுகூடக் கேட்காமல் தலையாட்டிவிட்டார். ஏலூர் உரக் கம்பெனியில் மூட்டைக் கணக்குப் பார்க்கிற மனிதர். யார் எதைக் கேட்டாலும் அவருடைய தலை முதலில் சம்மதித்துவிடும். புத்தி அடுத்த பஸ்ஸில்தான் வந்து சேரும்.

நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன். “சாமி, ரெண்டு நாள் என்ன வேலை சொன்னாலும் செய்யுறோம். மூணாம் நாள் நாடகத்துக்கு எங்களுக்கு ரெண்டாம் வரிசையில ரெண்டு நாற்காலி. பக்கத்துப் பக்கத்துல. சரியா?”

“அதுக்கென்ன, மூணாப் போட்டுடலாமே! மாமியாரையும் கூட்டிண்டு வாங்கோ.”

“ரெண்டு போதும் சாமி,” என்றேன் அவசரமாக.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம். வீட்டில் மாமியார், கொழுந்தன்மார், ஒரு நாத்தனார். சினிமாவுக்குப் போனால் முறுக்குப் பொட்டலத்தோடு மாமியார் எங்களுக்கு நடுவில் உட்காருவார். முறுக்கு கைமாறும்போதுதான் புருஷன் முகத்தைப் பார்க்கலாம். ஒரே ஒரு தடவை அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதையை முதலிலிருந்து கடைசி வரை பார்க்க வேண்டும். நான் கேட்ட கூலி அவ்வளவுதான்.

மிளகு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றின் முற்றத்தில் மேடை போட்டிருந்தார்கள். எத்தனை முறை பெருக்கினாலும் கல் இடுக்கிலிருந்து மிளகுத் தூள் கிளம்பியது. முதல் நாள் ராஜா செத்துக் கிடக்க, அழ வேண்டிய ராணிக்குத் தும்மல். பிறகு செத்த ராஜாவுக்கும் தும்மல். இதையெல்லாம் நான் எங்கே பார்த்தேன்? பெண்கள் வாசலில் தண்ணீர்ப் பானையோடு நின்று காதால் கேட்டதுதான். நல்லசிவம் நாற்காலி சுமந்தார், கயிறு இழுத்துக் கட்டினார். இரண்டாம் நாள் முடிவதற்குள் அவருடைய வலது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

“உங்க ஆத்துக்காரர் தங்கமாக்கும்,” என்றார் வெங்கிடராமன்.

“தங்கம்னா பாத்து எடுங்க சாமி. இப்படி மண்ணு மாதிரி அள்ளாதீங்க.”

மூன்றாம் நாள். முன்வரிசை இரண்டும் பந்தல் செலவுக்கு நன்கொடை தருகிறவர்களுக்கு. பின்னால் எல்லாம் இலவசம். கூட்டம் வருவதற்கு முன்பே எங்கள் நாற்காலிகளை அவருக்குக் காட்டினேன்.

“இது மேல துண்டைப் போட்டுக் கையை எடுக்காம நில்லுங்க. நான் பானையை ஒப்படைச்சிட்டு வந்திடுறேன். யாருகிட்டயும் வாயைத் திறக்காதீங்க. திறந்தா எழுதிக் குடுத்துருவீங்க.”

“சரி பேச்சி.”

சொன்னதை அப்படியே செய்தார். அதுதான் வினையாகிவிட்டது. கொப்புளம் கண்ட கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, நாற்காலிகளின் பக்கத்தில் மௌனமாக நின்றிருக்கிறார்.

எங்கள் பஜாரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சரக்குக்குப் பக்கத்தில் ஒருவன் கையைத் துண்டால் மூடிப் பேசாமல் நின்றால், சரக்கு விலைக்கு. வாங்குகிறவன் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடிப்பான். எத்தனை விரல் பிடிக்கிறானோ அது விலை. கட்டாதென்றால் விற்பவன் கையை உதறுவான். கட்டுமென்றால் முழுக் கையையும் பற்றிக் குலுக்குவான். குலுக்கிய பிறகு மாற்றுப் பேச்சு கிடையாது.

நான் திரும்பி வந்தபோது எங்கள் நாற்காலிகளில் அரிசி மொத்த வியாபாரி ராசப்பனும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“முதலாளி, இது எங்க இடமாச்சே?”

“ஆயிருந்து மோளே. இப்போ என்றெ இடம். விலை பேசிக் கச்சவடம் முடிஞ்சு போச்சு. நின்றெ ஆளு கை கொடுத்தாரே!”

நான் அவர் பக்கம் திரும்பினேன். “கை குடுத்தீங்களா?”

“அவராத்தான் துண்டுக்குள்ள கையை விட்டு மூணு விரலைப் பிடிச்சாரு. பெரிய மனுசன், பாசமாப் பிடிக்காருன்னு நெனச்சேன். மரியாதைக்கு நானும் முழுக் கையையும் பிடிச்சு நல்லாக் குலுக்கினேன். கொப்புளம் ரெண்டு உடைஞ்சே போச்சு, பேச்சி.”

விரலுக்குப் பத்து, மூன்று விரல் என்றால் முப்பது ரூபாய். அதே வரிசையில் மற்றவர்கள் ஐம்பது கொடுத்திருந்தார்கள். என் நாற்காலி போனதுமில்லாமல், மலிவாகவும் போயிருந்தது.

“அவருக்கு பஜார் வழக்கம் தெரியாது முதலாளி.”

“நினக்குத் தெரியுமல்லோ? குலுக்கின கையை நின்றெ அச்சன் என்னைக்காவது இல்லைன்னு சொல்லியிருக்காரா?”

நாற்காலியிலிருந்து ஓரடி பின்வாங்கினேன். இங்கே சண்டை பிடித்தால் நாளைக் காலை பஜாரில் அப்பா துண்டை நீட்டும்போது எவன் உள்ளே கையை விடுவான்?

வெங்கிடராமன் ஓடி வந்தார். முகமெல்லாம் பல். “முப்பது ரூபா! பந்தல்காரனுக்கு ஆச்சு. உங்களைப் போலே ஒரு தம்பதி கிடைக்கணுமே! ஒரு சின்ன ஒத்தாசை கூட. காத்து பலமா இருக்கு, பின்திரை மூங்கில் ரெண்டும் ஆடறது. ஆளுக்கு ஒரு பக்கமாப் பிடிச்சுண்டு நின்னாப் போறும். நாடகம் முடியற வரைக்கும்தான்.”

நான் வாயைத் திறப்பதற்குள் நல்லசிவத்தின் தலை ஆடிவிட்டது. அவருடைய துண்டைப் பிடுங்கி என் தோளில் போட்டுக்கொண்டு மேடைக்குப் பின்னால் நடந்தேன்.

பின்திரையின் இடது மூங்கிலில் நான், வலது மூங்கிலில் அவர். நடுவில் மேடையின் அகலம் முழுவதும். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ யாரையோ பிரிந்து அழுதார்கள், சனம் உச்சுக்கொட்டியது. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் திரைத்துணியின் பின்பக்கத் தையலும் சாயக் கறையும்தான். என் மூங்கில் அதிகமாகவே ஆடியது. காற்று என்று நினைத்திருப்பார்கள்.

அந்தக் கோடியிலிருந்து அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றும் நடக்காத மாதிரி. மேடைக்குப் பின்னால் பேசக் கூடாது என்று கண்டிப்பு. இல்லாவிட்டால் நல்லதாக நாலு வார்த்தை கேட்டிருப்பார்.

பேச முடியாத இடத்தில் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். ஒரு கையால் மூங்கிலைப் பிடித்தபடி, மறு கையைத் துண்டால் மூடாமலே நீட்டி மூன்று விரலைக் காட்டினேன்.

அவர் புருவத்தைச் சுருக்கிப் பார்த்தார். என்ன, ஏது என்று சைகையில்கூடக் கேட்கவில்லை. வழக்கம்போலத் தலை ஆடியது. பிறகு கொப்புளக் கையை முழுசாக விரித்து உயர்த்தி, நன்றாகக் குலுக்கினார்.

முடிந்தது. விரலுக்கு ஒன்றாக மூன்று ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம், போர்ட் கொச்சி கடற்கரை. நானும் அவரும் மட்டும். மாமியார் கிடையாது, முறுக்கும் கிடையாது. விவரத்தை வீட்டுக்குப் போகிற வழியில் சொல்லிக்கொள்ளலாம்.

துணி மூடாமல் பேசிய விலை செல்லாது என்று யாராவது வழக்குக்கு வரட்டும். நாங்கள் இருவரும் நின்றது திரைக்குப் பின்னால். அவ்வளவு பெரிய துணியை மறைவாக வைத்து மட்டாஞ்சேரியில் இதுவரை எவனும் கச்சவடம் பேசியதில்லை.