பின்னால் வெள்ளை, முன்னால் சிவப்பு

சித்தியின் சக்கர நாற்காலியில் விளக்குகளைப் பொருத்தியது நான்தான். பார்சல் அலுவலகத்தில் மாலை ஷிப்ட் முடிந்து, தெருவிளக்கு இல்லாத தொழிற்சாலைச் சுவரோரமாக அவள் தனியாகத்தான் வருவாள்.

இரண்டு விளக்குகள். வெள்ளைக்கு வெளிச்சம் அதிகம். வண்டிகள் முதுகுக்குப் பின்னால்தானே வருகின்றன என்று அதைப் பின்னால் மாட்டினேன். மிச்சமிருந்த சிவப்பு முன்னால்.

"ஏண்டி, என்னைப் பாத்தா ஃபயர் எஞ்சின் மாதிரி இருக்கா? மணி ஒண்ணுதான் பாக்கி" என்றாள் சித்தி. ஆனால் அடுத்த மூன்று நாளும் அணைக்காமல்தான் வந்தாள்.

இன்று அவளை ஒரு வேன் டிரைவர் தள்ளிக்கொண்டு வந்தார். அவள் முழங்கையில் ரத்தம். வேனின் பக்கக் கண்ணாடி கைப்பிடியில் இடித்து, நாற்காலி சாய்ந்துவிட்டதாம்.

"அக்கா, சத்தியமா வெள்ளை லைட்டுதான் தெரிஞ்சுது. எதிர்ல பைக் வருதுன்னு நெனச்சேன். அவனே ஒதுங்குவான்னு பாத்தேன்."

"உனக்கு முன்னால போறவ எப்படிய்யா எதிர்ல வருவா? புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாம்? நாளைக்கே உன் ஓனர்கிட்ட சொல்லி உன் வேலைக்கு வேட்டு வைக்கறேனா இல்லையா பாரு!"

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எல்லோரும் படுத்த பிறகு, ஸ்க்ரூடிரைவரோடு நாற்காலி அருகே உட்கார்ந்தேன். இடம் மாற்றப் பத்து நிமிடம் போதும். மாற்றிவிட்டால் நாளை சித்திக்கு ஆபத்தில்லை, எனக்கும் இல்லை. டிரைவர் சொன்னது மட்டும் பொய்யாகவே நின்றுவிடும்.

முதல் ஸ்க்ரூவைப் பாதி கழற்றினேன். திரும்ப முறுக்கினேன். எழுந்து சித்தியின் அறைக்குப் போனேன்.

அவள் விழித்துத்தான் இருந்தாள். "கை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. உனக்கென்ன?"

"சித்தி, அவர் புளுகலை. பின்னால சிவப்புதான் இருக்கணும். நான் மாத்தி மாட்டிட்டேன்."

சித்தி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அடிப்பாவி" என்றாள். "நானும்தானே தெனமும் பாத்தேன். எனக்கும் உறைக்கலையே. காலையில நீயே அவனுக்குப் போன் போட்டுச் சொல்லு."

"நானா?"

"பின்ன, நாற்காலியா சொல்லும்? போ, அதை இங்க தள்ளிட்டு வா."

அடிபடாத கையால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டாள். நான் முதலில் வெள்ளையைக் கழற்றினேன்.