கேப்டன் மணியன் போய்வந்த துறைமுகங்கள்

1921 மார்ச் 14ஆம் தேதி, சென்னைத் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பலின் பணியாளர் ஒப்பந்தத்தில் மணியன் என்பவர் கட்டைவிரல் ரேகை வைத்தார். ஊர் திருச்செங்கோடு, தகப்பன் பெயர் ராமப்பன், வயது இருபத்து நான்கு, வேலை கொதிகலனுக்குக் கரி தள்ளுவது. மார்ச் 19ஆம் தேதி கொழும்பில், அவர் பெயருக்கு எதிரே 'கப்பலை விட்டு ஓடினார்' என்று எழுதப்பட்டிருக்கிறது.

நூறாண்டுக்குப் பிறகு இதன் நகலைத் திருச்செங்கோட்டுத் தீர்த்தகிரி படித்துப் பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இது வேற ஆளுங்கம்மிணி."

எதிரே உட்கார்ந்திருந்த அறிவுச்செல்வி, சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே அறை எடுத்து, வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களில் பழைய மாலுமிகளைத் தேடித் தரும் தொழில் செய்பவர். தூத்துக்குடியிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும்தான் அவரிடம் ஆட்கள் வருவார்கள். கடலோடு சம்பந்தமில்லாத ஊரிலிருந்து வந்த முதல் ஆள் தீர்த்தகிரி.

"ஊரு, தகப்பன் பேரு, வயசு மூணும் பொருந்துதுங்களே," என்றார் அறிவுச்செல்வி.

"பொருந்துனா ஆச்சுங்களா? எங்க கொள்ளுத்தாத்தன் ஓடற ஆளா? ஏழு மாநிலத்துல நம்ம ரிக்கு வண்டி போர் போடுது. எங்கயாச்சும் பாதியில உட்டுட்டு வந்திருக்கறமா?"

சத்தீஸ்கரில் ஒருமுறை பாதி போரில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்ததை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. அது யானை வந்ததால்.

திருச்செங்கோட்டில் தீர்த்தகிரி வீட்டுக்குக் 'கப்பக்காரர் ஊடு' என்று பெயர். ஆழ்துளைக் கிணறு போடும் அவருடைய ரிக் லாரிகள் ஒவ்வொன்றின் நெற்றியிலும் நீலக் கடலில் ஒரு வெள்ளைக் கப்பல் வரைந்திருக்கும். கொள்ளுத்தாத்தா மணியன் கப்பலில் போனவர் என்பது அவருடைய அப்பா காலத்துப் பேச்சு. கப்பலை ஓட்டினார் என்பது அவருடைய காலத்தில் சேர்ந்தது. மணியனின் ஒரே மகனான தன் தாத்தா அத்தியப்பன் பெயரில் தீர்த்தகிரி பொறியியல் கல்லூரி தொடங்கியபோது, அறிமுகப் புத்தகம் எழுதிய ஆசிரியர் ஒருவர், இடம் காலியாக இருக்கிறதே என்று 'கேப்டன்' என்று போட்டுவிட்டார். அதிலிருந்து மணியன் கேப்டன்.

இப்போது அதைக் கல்லில் வெட்ட வேண்டியிருந்தது. தை மாதம் குலதெய்வக் கோயிலில் கும்பாபிஷேகம். கோயில் மண்டபத்தின் வடக்குச் சுவரில் பங்காளி மாதேஷின் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு கல் உண்டு. கோயிலுக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தவர், மணியனின் அண்ணன். முப்பது ஆண்டுகளாகத் திருவிழாச் சாப்பாட்டில் அந்தக் கல்லுக்கு நேர் கீழேதான் தீர்த்தகிரிக்கு இலை விழுந்தது. சாப்பிட்டு எழுந்து திரும்பினால் கல். தெற்குச் சுவரில் தன் வகையறாவுக்கு அதைவிடப் பெரிய கல் வைக்காமல் அந்த மண்டபத்தில் இனி கை நனைப்பதில்லை என்று அவர் ஊரறியச் சொல்லிவிட்டார்.

"வேற மணியனே இல்லீங்களா?" என்று கேட்டார்.

இருந்தார். அடுத்த மாதம் அறிவுச்செல்வி அனுப்பியதில் இன்னொரு மணியன் வந்தார். ஊர் என்ற இடத்தில் வெறுமனே சேலம். 1920 நவம்பரில் சென்னையில் ஏறி, ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து, 1923 ஜூன் வரை ஒரே கப்பலில் இருந்தவர். நடத்தை 'மிக நன்று'. வேலை சேரங்கு. கீழே அறிவுச்செல்வி குறிப்பு எழுதியிருந்தார்: தகப்பன் பெயர் வேறு, வயது பத்து அதிகம், இவர் உங்கள் மணியன் அல்ல.

தீர்த்தகிரி உடனே போன் போட்டார்.

"சேரங்குன்னா என்னுங்க?"

"மேல்தட்டுல வேலை பாக்கற நம்மாளுகளுக்குத் தலைவருங்க. மேஸ்திரி மாதிரி."

"எங்க தொழில்ல மேஸ்திரி சொன்னாத்தான் ரிக்கே நகரும். அப்பொ கேப்டன்தான்."

"கேப்டன் தனியா ஒரு வெள்ளைக்காரரு இருக்கறாருங்க. பேரோட."

"அவரு சும்மா மேல நின்னிருப்பாருங்கம்மிணி."

"உங்க ஆளே இல்லைன்னு கீழ எழுதியிருக்கறனுங்களே."

"அதைக் கல்லுல போட எடமில்லீங்க."

கல் விஷயத்தில் தீர்த்தகிரி தொழில்காரர். போர் போடும் இடத்தில் எத்தனை அடியில் செம்மண், எத்தனை அடியில் பாறை, எங்கே ஈரம் என்று ஒன்றுவிடாமல் எழுதி வைப்பது அவர் வண்டிகளின் வழக்கம். பின்னால் யாரும் வாய் திறக்க முடியாது. அதே முறையில் துறைமுகங்களை வரிசையாகத் தேதியோடு வெட்டச் சொன்னார். தேதி இல்லாவிட்டால் மாதேஷ் நம்பமாட்டான். ரங்கூன், லிவர்பூல், பியூனஸ் அயர்ஸ் எல்லாம் வந்தன. 1921 டிசம்பருக்கு எதிரே பிரிட்டனின் கார்டிஃப் என்று இருந்தது. எல்லாம் முடிந்த பிறகும் கல்லில் இரண்டு வரிக்கு இடம் மிஞ்சியது. அதைத் தீர்த்தகிரியே சொல்லி எழுத வைத்தார்: 'இடையில் ஒருநாள்கூட ஊர் திரும்பாமல் கடமையாற்றினார்.' அதற்கும் கீழே பெரிய எழுத்தில்: 'இவர்தம் ஒரே புதல்வர் கல்வித்தந்தை அத்தியப்பன்.'

கும்பாபிஷேகத்தன்று புனித நீர் தெளித்து முடிந்ததும் தெற்குச் சுவரின் திரையை இழுத்தார்கள். கை தட்டினார்கள். பந்தி தொடங்கியது. தீர்த்தகிரி இம்முறை தன் கல்லுக்குக் கீழே உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் மாதேஷ் அண்ணாந்து பார்க்கிறானா என்று பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

அண்ணாந்து பார்த்தது மாதேஷ் அல்ல, அவன் மனைவி உஷாராணி. ஊரில் ஸ்கேன் சென்டர் வைத்திருக்கும் டாக்டர். பிறக்கும் தேதி கணக்குப் போடுவதே அவருக்குப் பிழைப்பு. அத்தியப்பன் பிறந்த நாளைக் கணக்குப் போட வேண்டியதில்லை. 1922 செப்டம்பர் 1. ஆண்டுதோறும் நிறுவனர் தினமென்று கல்லூரியில் பிரியாணி போடுவதால் ஊரில் குழந்தைகளுக்கும் தெரியும்.

"ஏனுங் மாமா," என்று உஷாராணி பந்தியின் மறுகோடியிலிருந்து கேட்டார். "கார்டிஃப்ல இருந்து நடுவுல ஒருக்கா அந்தக் கப்பலு சேலம் வழியா வந்துச்சுங்களா?"

சிலர் சிரித்தார்கள். சிலர் விரல்விட்டு எண்ணிவிட்டுச் சிரித்தார்கள். தீர்த்தகிரி கல்லைத் திரும்பிப் பார்த்தார். கல்லூரித் தலைவருக்கு இந்தக் கணக்கு வரச் சற்று நேரமாயிற்று.

"என்னம்மிணி பேச்சு இது, கோயல்ல உக்காந்துக்கிட்டு?" என்றார்.

"நான் எங்கீங் மாமா பேசுனேன்? கல்லுதான் பேசுது. ஒருநாளுகூட ஊரு திரும்பலைன்னு நீங்கதான எழுதியிருக்கறீங்க."

அப்போது ராசிபுரத்தில் வாழ்க்கைப்பட்ட, தீர்த்தகிரியின் அத்தை அத்தாயி, பிறந்த வீட்டு மானத்தைக் காப்பாற்ற முடிவு செய்தார். சத்தமாகச் சொன்னார்:

"ஏங்கண்ணு, அப்பொ என்ன ஆம்பளை இல்லாத ஊடா அது? பெரியவரு இருந்தாரல்லொ!"

பெரியவர் என்றால் மணியனின் அண்ணன். கிணறு வெட்டிக் கொடுத்தவர். பந்தியில் இருந்த தலைகள் எல்லாம் தெற்குச் சுவரிலிருந்து வடக்குச் சுவருக்குத் திரும்பின. மாதேஷின் கையில் பாயசம் நின்றது.

"எந்திரி," என்றான் மனைவியிடம்.

"இன்னும் மோர் வரலைங்க."

"எந்திரின்னேன்!"

மறுநாள் காலை தீர்த்தகிரியும் மாதேஷும் ஒரே காரில் அஸ்தம்பட்டிக்குப் போனார்கள். ஒரே காரில் அவர்கள் போய் முப்பது ஆண்டு ஆகியிருந்தது. பல் மருத்துவமனையின் மாடிப்படியில் யார் முதலில் ஏறுவது என்பதில் கொஞ்சம் மரியாதை நடந்தது.

"அந்த ஓடுன மணியன் இருக்கறாருங்களா?" என்று கேட்டார் தீர்த்தகிரி.

"மொதல்லயே குடுத்தனுங்களே. வேற ஆளுன்னு சொன்னீங்க."

"நம்மாளுதானுங்க. பாத்த ஒடனே தெரிஞ்சுது. நல்லாச் சொல்லுங்க, ஓடுனது உறுதிதானுங்களே?"

"கப்பல் அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கறாருங்க."

மாதேஷ் நாற்காலியை முன்னால் இழுத்தான். "மறுக்கா எந்தக் கப்பலும் ஏறலைங்களே?"

"வேற எந்தப் பட்டியல்லயும் அவரு பேரு இல்லீங்க."

"சாமி காப்பாத்துச்சு," என்றான் மாதேஷ். "அப்பொ நேரா ஊட்டுக்குத்தான் வந்திருக்கோணும்."

"அது ஆவணத்துல இல்லீங்க."

"அதை நாங்க எழுதிக்கறமுங்க," என்றார் தீர்த்தகிரி. கிளம்பும்போது, ஓடியதற்கு முத்திரை வைத்த சான்று நகல் கிடைக்குமா, அதில் 'ஓடினார்' என்ற இடத்தைச் சிவப்பில் கோடு போட்டுத் தர முடியுமா என்றும் கேட்டார். முத்திரை நகல் வரவழைக்கலாம், கோடு போடுவதில்லை என்றார் அறிவுச்செல்வி.

2025 மார்ச்சில் கோயில் மண்டபத்தின் தெற்குச் சுவரில் கல் மாற்றப்பட்டது. புதிய கல் பழையதில் பாதி அளவு. 'மணியன், த/பெ ராமப்பன். கப்பலில் கரி தள்ளும் வேலைக்குச் சேர்ந்து, ஐந்தே நாளில் கொழும்பில் கப்பலை விட்டு ஓடி, உடனே வீடு திரும்பினார்' என்று அதில் இருக்கிறது. கல்லூரிப் புத்தகத்திலிருந்து கேப்டன் என்ற சொல் எடுக்கப்பட்டது. லாரிகளில் கப்பல் படம் அப்படியே இருக்கிறது. வடக்குச் சுவரில் மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை. புதிய கல்லை இரண்டு பங்காளிகளும் சேர்ந்து திறந்து வைத்தார்கள். உஷாராணி வரவில்லை.